எலிவேஷனில் மரம்: முன்னால் நிற்பது ஒன்று, பின்னால் நிற்பது வேறு

கேள்வி இதுதான்: "ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் ஒரு மாடி வீட்டுக்கு எலிவேஷன் (வெளிமுகத் தோற்றப் படம்) போடுகிறேன். லைப்ரரியில் இருக்கும் மரத்தை வைத்தால் ஷீட்டில் குச்சி குச்சியாக ஏதோ தெரிகிறது. ரியலிஸ்டிக் வியூவுக்கு மாற்றினால் ஃபோட்டோவை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. பழைய ஆர்க்கிடெக்ட்கள் கையால் போடுவார்களே, அந்த மாதிரி கோட்டு மரம் வேண்டும். என்ன செய்வது?"

லைப்ரரி மரத்தைச் சரிசெய்ய முயன்று நேரத்தைப் போக்காதீர்கள். மரத்தை நீங்களே வரைந்து ஃபேமிலியாக, அதாவது எந்தப் படத்திலும் திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய பொருளாக, வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரம் ஒன்று, பின்னால் நிற்கும் மரம் ஒன்று. மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முடிவு செய்துவிட்டால் எந்த டூல், எந்த லைன்வெயிட் (கோட்டின் தடிப்பு), இலை எவ்வளவு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

லைப்ரரி மரம் ஏன் அப்படித் தெரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரெவிட்டோடு வரும் மரங்கள் ஆர்பிசி என்ற வகை. ஆர்ச்விஷன் நிறுவனத்துடையது, உள்ளே இருப்பது மரத்தின் ஃபோட்டோ. ரெண்டர் செய்யும்போதோ ரியலிஸ்டிக் வியூவிலோதான் அந்த ஃபோட்டோ வெளியே வரும். கோட்டை மட்டும் காட்டும் ஹிடன் லைன் வியூவில் "இங்கே ஒரு மரம் இருக்கிறது" என்று சொல்வதற்கான அடையாளக் கோடுகள் மட்டும் தெரியும். ஆக, நீங்கள் பார்த்தது கோளாறு இல்லை, அதன் இயல்பே அதுதான். டைப் பட்டியலைத் திறந்தால் இன்னொரு சிக்கலும் தெரியும்: ரெட் மேப்பிள், ஸ்கார்லெட் ஓக், லம்பார்டி பாப்லர், ஜப்பானீஸ் செர்ரி. விருதுநகரில் கட்டப்போகிற வீட்டு வாசலில் மேப்பிள் நின்றால் கிளையன்ட்டுக்கு அதன் பெயர் தெரியாவிட்டாலும், "வேற ஊர் வீடு மாதிரி இருக்கே சார்" என்பார். அவர் சொல்வது சரிதான்.

இப்போது முன், பின் விஷயம். எலிவேஷனில் மரத்துக்கு இரண்டு வேலை உண்டு. பின்னால் நிற்கும் மரம் வீட்டின் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைத் தாளில் வெள்ளைச் சுவர், அதற்கு மேலே வெள்ளை வானம் என்று இருந்தால் பாரபெட் (மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்) எங்கே முடிகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் கொஞ்சம் இலைக்கோடு விழுந்து, அது பாரபெட்டில் வந்து டக்கென்று நின்றால் சுவர் முன்னால் எழுந்து வரும். முன்னால் நிற்கும் மரத்தின் வேலை வேறு. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று அது சொல்லும், ஆள் உயரத்துக்கு ஒரு அளவும் கொடுக்கும். ஆனால் எதைக் காட்டுவதற்காகப் படம் போட்டோமோ அதையே மறைத்தும்விடும். அதனால்தான் கையால் வரைந்தவர்கள் பின்மரத்தை அடர்த்தியாகவும், முன்மரத்தை வெறும் வெளிக்கோடாகவும் போட்டார்கள். முன்மரத்தின் இலைகளுக்குள்ளே ஜன்னல் அப்படியே தெரியும், யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

பலரும் முதலில் பிடிக்கும் குறுக்குவழி டீட்டெயில் காம்பொனென்ட். எலிவேஷன் வியூவுக்குள் 2டி மரத்தை வைத்துவிடுவது. ஒரே ஒரு படம், நாளைக்கே கொடுக்க வேண்டும் என்றால் அது போதும். ஆனால் டீட்டெயில் ஐட்டம் எப்போதும் மாடலுக்கு மேலேதான் வரையப்படும். சென்ட் டு பேக் கொடுத்தாலும் மற்ற டீட்டெயில் ஐட்டங்களுக்குப் பின்னால்தான் போகும், வீட்டுக்குப் பின்னால் போகாது. பின்மரம் வேண்டுமென்றால் இலை விளிம்பைப் பாரபெட் கோட்டோடு ஒட்டிக் கையால் வெட்ட வேண்டியிருக்கும். அப்புறம் கிளையன்ட் பாரபெட்டை அரை அடி உயர்த்தச் சொல்வார், மரம் அந்தரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்த மரம் வைத்த வியூவில் மட்டுமே இருக்கும் என்பதையும், நிழல் விழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் எடுத்து ஃபோட்டோஷாப்பில் மரம் ஒட்டுவதும் இதே கதைதான், ஒவ்வொரு ரிவிஷனுக்கும் திரும்ப ஒட்ட வேண்டும்.

ஆகவே ஃபேமிலி. நியூ ஃபேமிலி போய் மெட்ரிக் பிளாண்டிங் டெம்ப்ளேட்டைத் திறங்கள். ஃப்ரன்ட் எலிவேஷனுக்குப் போய், நடுவில் இருக்கும் ஃப்ரன்ட்/பேக் ரெஃபரன்ஸ் பிளேனை வொர்க் பிளேனாக வையுங்கள்.

பின்மரத்தை ஒரு தட்டையான அட்டை என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். இலைத் தொகுதியின் வெளிக்கோட்டை மூடிய வடிவமாக வரைந்து 10 மி.மீ. கனத்துக்கு எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள். வெளிக்கோட்டுக்கு ஸ்ப்ளைனை விட ஆர்க்கே நல்லது. ரெவிட்டில் ஒரு ஸ்ப்ளைன் தன் மேலேயே வந்து மூடாது. அதோடு பிறகு ஒரு வளைவை மட்டும் இழுத்துத் திருத்த ஆர்க்தான் வசதி. தண்டு இன்னொரு எக்ஸ்ட்ரூஷன். அதை இலைக்குள் நுழைக்காமல் இலையின் அடி விளிம்பிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் முன்பக்கம் ஒழுங்காக இருக்கும், பின்பக்க எலிவேஷனில் தண்டு இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும்.

இலைக்கோடுகளை அந்த அட்டையின் முகத்தில் மாடல் லைனாகப் போடுங்கள். ஒரு முகத்தில் போட்டது மறுபக்க எலிவேஷனில் தெரியாது என்பதால் மறுமுகத்திலும் ஒரு காப்பி வேண்டும். கோடுகளுக்குத் தனித்தனியாக சப்கேட்டகரி (உட்பிரிவு) உருவாக்குங்கள்: வெளிக்கோடு, தண்டு, இலை என்று மூன்று இருந்தால் போதும். பிறகு ப்ராஜெக்ட்டில் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் போய் மூன்றுக்கும் மூன்று லைன்வெயிட் கொடுக்கலாம். இலைக்கோடுகளைத் தேர்ந்தெடுத்து விசிபிலிட்டி செட்டிங்ஸில் கோர்ஸ் (குறைந்த விவர நிலை) என்பதை எடுத்துவிடுங்கள். 1:200 படத்தைக் கோர்ஸில் வைத்தால் வெளிக்கோடு மட்டும் வரும், 1:100 படத்தை மீடியத்தில் வைத்தால் இலையும் சேர்ந்து வரும். இந்த ஒரு டிக்கை எடுக்காததால்தான் பல ஷீட்களில் மரம் கரும்புள்ளியாக அச்சாகிறது.

அட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் வெறும் குச்சிதானே தெரியும் என்பீர்கள். ஆமாம். அதனால் பிளானில் 90 டிகிரி திருப்பி இன்னொரு காப்பி வையுங்கள். முதல் அட்டைக்கு விசிபிலிட்டி செட்டிங்ஸில் ஃப்ரன்ட்/பேக் மட்டும், இரண்டாவதற்கு லெஃப்ட்/ரைட் மட்டும் இருக்கட்டும். இப்படிப் பிரிக்காவிட்டால் மரத்தின் நடுவே இரண்டாவது அட்டையின் ஓரம் நெட்டுக்குத்தாக ஒரு கோடாகத் தெரியும். 3டி வியூவில் இரண்டும் சேர்ந்தே தெரியும். கண்ணை உறுத்தினால் அந்த வியூவில் பிளாண்டிங்கை அணைத்துவிடுங்கள். பிளானுக்கு ரெஃப் லெவலில் சிம்பாலிக் லைனில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி போதும்.

முன்மரம் இன்னும் எளிது. அதே டெம்ப்ளேட், அதே பிளேன். தண்டு மட்டும் அட்டை. இலைக்கு அட்டையே வேண்டாம், வெளிக்கோட்டை மாடல் லைனாகப் போட்டுவிடுங்கள். கோடு எதையும் மறைக்காது என்பதால் பின்னால் இருக்கும் ஜன்னலும் சன்ஷேடும் அப்படியே தெரியும். வெளிக்கோட்டைக்கூட முழுதாக மூடாமல் அங்கங்கே விட்டு விட்டுப் போடலாம், கண் தானாகவே சேர்த்துக்கொள்ளும். இலைக்கோடு வேண்டுமென்றால் மேல் விளிம்பை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம். அடர்த்தியான மரத்தை முன்னால் வைத்து பிளாண்டிங் முழுவதற்கும் சர்ஃபேஸ் டிரான்ஸ்பரன்சி கொடுக்கும் வழியும் உண்டு. விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் அதற்கு ஸ்லைடரே இருக்கிறது. ஷேடட் வியூவில் அது அழகாகத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு எனக்குப் பிடிப்பதில்லை. இலைக்கோடும் ஜன்னல் கோடும் ஒரே இடத்தில் குழம்பிக் கிடக்கும்.

ஆட்டோகேட் மென்பொருளுக்கான பிளாக் (தயாராக வரைந்த படம்) ஏராளமாகக் கிடைக்கிறதே, அதை ஃபேமிலிக்குள் இம்போர்ட் செய்தால் என்ன? செய்யலாம், ஆனால் இம்போர்ட் செய்த பிறகு எக்ஸ்ப்ளோட் செய்யாதீர்கள். ரெவிட் சுமார் 0.8 மி.மீ.க்குக் குறைவான கோட்டை ஏற்றுக்கொள்ளாது. நுணுக்கமான இலை பிளாக்கில் பாதி அப்படித்தான் இருக்கும், அவை உதிர்ந்துபோய் மரம் சொட்டை சொட்டையாக வரும். பிளாக்கின் லேயர் பெயர்கள் வேறு ப்ராஜெக்ட்டுக்குள் குப்பையாகச் சேரும். பிளாக்கை அடியில் வைத்து அதன் மேல் வரைந்து எடுத்துக்கொண்டு, பிளாக்கை அழித்துவிடுவதே சுத்தம். வரையும்போது கோடுகளும் பத்தில் ஒன்றாகக் குறையும், படத்துக்கு அது நல்லதே.

எந்த மரம் வரைவது? இதில்தான் மென்பொருள் உங்களுக்கு உதவாது. நம் ஊர் மரங்களை நிழலுருவத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். நெட்டிலிங்கம் ஈட்டி மாதிரி ஒல்லியாக மேலே போகும், கிளை எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும்; காம்பவுண்டை ஒட்டிய குறுகலான இடத்துக்கு அது ஒன்றுதான் நம்பும்படி இருக்கும். குல்மோகர் குடைபோல் தட்டையாக விரியும், உயரத்தை விட அகலம் கூடுதலாகப் போடலாம். வேம்புக்குத் தண்டு குட்டை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே கவையாகப் பிரியும், இலை மூன்று நான்கு குவியலாக ஒழுங்கில்லாமல் நிற்கும். அதைச் சமச்சீர் பந்தாக வரைந்தால் வேம்பாக இருக்காது. ஈழத்தலரி, அதாவது நர்சரியில் பிளுமேரியா என்று விற்பது, முன்மரத்துக்கென்றே பிறந்தது: தடித்த கிளை இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், நுனியில் மட்டும் இலைக்கொத்து. வீட்டை அது மறைக்கவே மறைக்காது.

தென்னையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பாக வரைவது அதைத்தான். தண்டு அடியில் புடைத்து, உடனே ஒடுங்கி, அப்புறம் உச்சி வரை கிட்டத்தட்ட ஒரே பருமன். ஸ்கேல் வைத்ததுபோல் நேராகப் போடாமல் லேசான ஒரு வளைவு கொடுங்கள். மட்டைகளை எல்லாப் பக்கமும் ஒரே நீளமாகப் பரப்பினால் நட்சத்திரம் மாதிரி ஆகிவிடும். உச்சியில் ஒன்றிரண்டு ஏறக்குறைய நட்டமாக, நடுவில் உள்ளவை வில்லாக வளைந்து, அடியில் உள்ளவை தண்டை நோக்கித் தொங்கியபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு மட்டைக்கும் நடு நரம்பு ஒரு ஆர்க். கீற்றை நரம்பின் கீழ்ப்பக்கம் மட்டும் போட்டால் போதும், மேல் பக்கம் வெறுமையாக விடுங்கள். 1:100 அளவில் ஒரு மட்டைக்கு ஏழெட்டுக் கீற்றுக்கு மேல் போனால் அச்சில் ஒட்டிக்கொள்ளும். பனை வேண்டுமென்றால் தண்டு நேர், தலை உருண்டை, ஓலை விசிறி. தென்னையின் தண்டின் மேல் பனையின் தலையை வைத்த பிளாக்குகள் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எடுத்துப் பயன்படுத்தும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் வரைந்தவர்களிடம் கற்றுக்கொள்ள விரும்பினால் இரண்டு பேரின் படங்களைத் தேடிப் பாருங்கள். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாயிட் ரைட்டின் அலுவலகத்தில் வேலை செய்த மரியன் மஹோனி, ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் பாதிப்பில், நிழலே இல்லாமல் கோட்டை மட்டும் வைத்து இலைகளை வரைந்தார். மரம் வீட்டைச் சுற்றி ஒரு சட்டம்போல் நிற்கும், வீடு நடுவில் வெறுமையாக வெளிச்சமாக இருக்கும். இன்னொருவர் இலங்கை ஓவியர், லக்கி சேனநாயக்க. அந்நாட்டு ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகப் படங்களில் தென்னையும் ஈழத்தலரியும் அந்தந்த மரமாகவே தெரிவதற்கு அவரது கை முக்கியக் காரணம். நம் தட்பவெப்பத்து மரங்கள் என்பதால் நமக்கு மஹோனியை விட அவர்தான் நேரடியாக உதவுவார். இரண்டு பேருமே காட்டியது ஒன்று: இலையை எண்ணி வரைய வேண்டியதில்லை, ஆனால் எந்த இலை என்று தெரிய வேண்டும்.

உயரத்தில் ஏமாற்றாதீர்கள். பிளின்த் (தரைக்கு மேலே வீட்டுத் தளம் நிற்கும் உயரம்) 0.6 மீட்டர், இரண்டு தளம் மும்மூன்று மீட்டர், பாரபெட் ஒரு மீட்டர் என்றால் வீடு 7.6 மீட்டர். முன்னால் வைக்கும் ஈழத்தலரி நாலைந்து மீட்டர், அதாவது மாடி ஜன்னலின் அடிவரை. பின்னால் நிற்கும் வேம்பு 10 அல்லது 12 மீட்டர் இருக்கலாம், பாரபெட்டுக்கு மேலே நன்றாக எட்டிப் பார்க்கும். வீடு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தென்னையைப் பாரபெட் உயரத்துக்குக் குறுக்குவார்கள். அப்போது வீடு பெரிதாவதில்லை, மரம் பொம்மையாகிறது.

லைன்வெயிட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு 1:100 படத்துக்கு மில்லிமீட்டரில் இப்படி: தரைக்கோடு 0.5, கட்டட வெளிக்கோடு 0.35, ஜன்னல் கதவு 0.18. முன்மரத்தின் வெளிக்கோடும் அதே 0.18. பின்மரத்தின் கோடு 0.13. இலைக்கோடு எங்கே இருந்தாலும் 0.13க்கு மேல் போகக்கூடாது. அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் மரத்தின் எந்தக் கோடும் கட்டடத்தின் வெளிக்கோட்டைவிடத் தடிப்பாக இருக்கவே கூடாது. பின்மரத்தை இன்னும் தள்ளிக் காட்ட ரெவிட் 2017இலிருந்து டெப்த் கியூயிங் இருக்கிறது. கிராஃபிக் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் போய் ஆன் செய்தால் தூரத்தில் இருப்பது தானாக மங்கும். பிளாண்டிங்குக்கு ஹாஃப்டோன் (வகை முழுவதையும் மங்கலாக்குவது) கொடுத்தால் முன்மரமும் சேர்ந்து மங்கிவிடும் என்பதால் எனக்கு டெப்த் கியூயிங்தான் சரிப்படுகிறது.

வைக்கும்போது வரும் இரண்டு வழக்கமான புகார்கள். ஒன்று, "பின்னால் மரம் வைத்தேன், காணவில்லை." எலிவேஷன் எவ்வளவு தூரம் வரை காட்டும் என்ற எல்லையான ஃபார் கிளிப் ஆஃப்செட் வீட்டோடு நின்றிருக்கும், மரம் அதற்கு அப்பால் இருக்கும். பிளானில் எலிவேஷன் மார்க்கரைத் தொட்டு அந்தக் கோட்டைப் பின்னால் இழுங்கள். இன்னொன்று, "முன்மரம் வரவில்லை." மார்க்கரின் வெட்டுக்கோடு மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும், அதை மரத்துக்கு வெளியே தள்ளுங்கள். பிளாண்டிங் வகை வெட்டுப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். செக்‌ஷன் கோடு மரத்தின் நடுவே போனாலும் மரம் முழுதாகத்தான் தெரியும்.

ஒரே மரத்தை வரிசையாக வைத்தால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது மாதிரி இருக்கும். வேறுபாட்டுக்காக மரத்தை முப்பது டிகிரி திருப்பாதீர்கள், அட்டை சாய்ந்து ஒடுங்கிவிடும். மிரர் செய்யுங்கள். இரண்டு உருவம், இரண்டு உயரம், மிரர் ஆகியவற்றைக் கலந்தாலே ஒரு வீட்டுக்குத் தாராளம். உண்மையில் ஒரு வீட்டின் எலிவேஷனுக்கு மூன்று மரத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை. அவையும் சம இடைவெளியில் நிற்க வேண்டாம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று.

நிழலை ஆன் செய்தால் பின்மரம் அட்டை நிழல் போடும், முன்மரத்தின் தண்டு மட்டும் சுவரில் கம்பம் மாதிரி விழும். கோட்டுக்கு நிழல் இல்லை என்பதால் இலையின் நிழல் வராது. பார்க்க விநோதமாக இருந்தால் நிழலை அணைத்துவிடுவதே மேல். அதோடு, நிழலோ ஷேடிங்கோ இருந்தால் ரெவிட் அந்த வியூவை வெக்டராக அச்சிடாமல் ராஸ்டராக மாற்றிவிடும், 0.13 இலைக்கோடு பிசிறடிக்கும். நிழல் வேண்டவே வேண்டும் என்றால் பிரிண்ட் செட்டிங்கில் ராஸ்டர் குவாலிட்டியை உயர்த்துங்கள். 2015இல் வந்த ஸ்கெட்ச்சி லைன்ஸ் கைவரைவு மாதிரி ஒரு நடுக்கம் கொடுக்கும். ஆனால் அது வியூ முழுவதற்கும் பொருந்தும், மரத்துக்கு மட்டும் கொடுக்க முடியாது. ஜிட்டரை (நடுக்கத்தின் அளவை) ஒன்று, இரண்டுக்கு மேல் ஏற்றினால் வீடே நடுங்கும்.

ஆட்டோகேடில் வேலை செய்பவர்களுக்கு இதே முன், பின் விஷயம் டிராஆர்டராக (எது மேலே, எது அடியில் என்ற வரிசையாக) வரும். பின்மரத்தை அடியில் அனுப்பி, அதற்கும் வீட்டுக்கோடுகளுக்கும் நடுவே வீட்டின் வடிவத்தில் ஒரு வைப்அவுட் (அடியில் இருப்பதை மறைக்கும் பரப்பு) போட்டால் மரத்தை டிரிம் செய்யவே வேண்டாம். வைப்அவுட் நேர்கோட்டு பாலிலைனை மட்டும்தான் ஏற்கும். வளைந்த போர்டிகோ இருந்தால் ஆர்க்கைச் சிறுசிறு நேர்கோடுகளாக உடைக்க வேண்டும், அல்லது அதே இடத்தில் 255,255,255 நிறத்தில் சாலிட் ஹேட்ச் போடலாம். வைப்அவுட் ஃப்ரேமை 2 என்று வைத்தால் திரையில் தெரியும், பிளாட்டில் வராது.

ஸ்கெட்ச்அப்பில் மரத்தை ஒரு ஃபேஸாக (தட்டையான பரப்பாக) வரைந்து, காம்பொனென்ட் ஆக்கும்போது 'ஆல்வேஸ் ஃபேஸ் கேமரா'வை டிக் செய்தால் எந்தப் பக்க எலிவேஷனுக்கும் அதுவே திரும்பி நிற்கும், குறுக்கு அட்டை தேவையில்லை. கேமராவை மட்டும் பேரலல் ப்ரொஜெக்‌ஷனில் வைக்க மறக்காதீர்கள். ஸ்டைலில் ப்ரொஃபைல்ஸை ஏற்றினால் வெளிக்கோடு தானாகத் தடிக்கும், அங்கேயும் மரம் கட்டடத்தை மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்மரம் வேண்டுமென்றால் ஃபேஸை அழித்துவிட்டு எட்ஜை மட்டும் விடுங்கள்.

கடைசியாக, வியூ டெம்ப்ளேட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட்டுக்குக் காட்டுவதில் பிளாண்டிங் ஆன். அப்ரூவலுக்குப் போகும் படத்திலும் சைட்டுக்குப் போகும் படத்திலும் பிளாண்டிங் ஆஃப். அங்கே மேஸ்திரிக்கு லின்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் உத்தரம்) மட்டம்தான் வேண்டும், வேப்பமரம் அதன் மேல் விழுந்து கிடக்கக் கூடாது.